விதைநெல் என்று சொன்ன பெட்டிகள்

உ

மல்லாவி
27.10.1996

அன்புத் தம்பி ஜனார்த்தனனுக்கு,

அக்கா ஞானேஸ்வரி எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் அத்தானும் நானும் மகள் அனோஜாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் நெஞ்சுச் சளி வராமல் பார்த்துக்கொள். மயில்வாகனம் மாஸ்டர் நாளைக்கு வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் அங்கே தபாலில் போடுவார்.

ஆடியில் நீ போட்ட கடிதம் புரட்டாதியில்தான் கிடைத்தது. நாலு பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் ஸ்பீக்கர் கதை. எலி கடிக்கவில்லையோ, தூவானம் படாத இடத்தில்தானோ என்றெல்லாம் கேட்டிருந்தாய். எங்களைப் பற்றி மூன்று வரி. சரி, போகட்டும். நானும் அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசி.

நீ சவூதியில் உழைத்துக் கொண்டுவந்த சாமான் என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. நீ திரும்பவும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட வருடமே இங்கே கரண்ட் போய்விட்டது. ஆறு வருடமாக அவை ஒரு சத்தமும் போடாமல் வட்டக்கச்சி வீட்டு விறாந்தையில் என் நெஞ்சுயரத்துக்கு நின்றன. நான் கிழமைக்கு ஒருதரம் துடைத்து, மேலே பின்னல் துணி விரித்து, பூச்சாடி வைப்பேன். அனோஜா அதில் கொப்பி வைத்து நின்றபடியே வீட்டுக்கணக்குச் செய்வாள். வருகிற சனம் எல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கும். "தம்பியின்ர" என்று நான் சொல்லுவேன். கேட்காமலே சொல்லுவேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஆமியின் செல்லடி கிட்ட வந்தபோது அத்தான் யோகநாதனின் ட்ரெக்டரைப் பிடித்து வந்தார். ட்ரெக்டர்ப் பெட்டியில் பாதி யோகநாதனின் குடும்பத்துக்கு, மற்றப் பாதி எங்களுக்கு. அத்தான் விதைநெல் மூட்டைகளைத் தூக்கப் போனார். நான் வழி மறித்து நின்றேன். "நெல்லு எங்கையும் வாங்கலாம், தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுறது" என்று கத்தினேன். அந்த மனுசனுக்கு என்னோடு வாயாட நேரமில்லை. நெல்லை விட்டுவிட்டு உன் பெட்டிகளை ஏற்றினார். ஊர் ஓடுகிற நேரம் இவளுக்குப் பாட்டுப் பெட்டி கேட்குதோ என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று நான் இரண்டையும் சாக்கால் மூடிக் கட்டினேன். அடிபடாமல் இருக்க மெத்தையையும் சுற்றி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வடிவம்மா வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. மலைநாட்டிலிருந்து கலவரத்தோடு வந்த சனம், ஐந்தாறு வருடமாக எங்கள் வயலில் களை பிடுங்கி, நெல் அறுப்புக்கு அருவி வெட்டுகிறவள். அவளுடைய புருசன் கணபதி மதகுக் கட்டில் சறுக்கி விழுந்து, கால் முறிந்து, மட்டை வைத்துக் கட்டியிருந்தது. "அக்கா, இவரை மட்டும் ஏத்திக்கிட்டுப் போங்க, நானும் புள்ளைங்களும் நடந்து வந்திருவோம்" என்றாள்.

நான் ட்ரெக்டர்ப் பெட்டியைப் பார்த்தேன். மெத்தையை இறக்கி ஒரு ஸ்பீக்கரை விட்டிருந்தால் கணபதி காலை நீட்டிப் படுத்தே வந்திருப்பான். "இடமில்லை வடிவு, எல்லாம் விதைநெல்" என்றேன்.

எப்படி அந்தச் சொல் வாயில் வந்ததென்று தெரியாது, தம்பி. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் கெஞ்சியிருப்பாள். விதைநெல் என்றதும் வாயை மூடிவிட்டாள். "அத இறக்கக்கூடாதுக்கா" என்று சொல்லி, தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நுனியையும் அவளே எடுத்துக் கட்டிவிட்டாள். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

கணபதியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அவளும் பிள்ளைகளும் மூன்று நாள் தள்ளிக்கொண்டு இங்கே வந்தார்கள். அக்கராயன் றோட்டின் குண்டு குழிக் கிடங்குகள் உனக்குத் தெரியுந்தானே. கட்டு நெகிழ்ந்து எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. இனி அவன் வயலில் இறங்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஓலைக் கொட்டிலுக்கு நாலாவது கொட்டில்தான் அவர்களுடையது. இங்கே ஊர்க்காரர் ஒருவர் விதைக்கச் சொல்லி அவளுக்குத் துண்டுக் காணி விட்டிருக்கிறார். "நீங்க விதைக்கிறப்போ எனக்கும் ரெண்டு மரைக்கால் கடனாத் தாங்கக்கா" என்று கேட்டாள். நான் ஓம் ஓம் என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

போன செவ்வாய் பின்னேரம் பெருமழை. எங்கள் கூரை, சாக்கால் மூடி மூலையில் வைத்திருந்த உன் பெட்டிகளுக்கு மேலேயும் சேர்த்து, மூன்று இடத்தில் ஒழுகியது. வடிவம்மா தன் கொட்டிலுக்கு மேலே கிடந்த ஒரே தறப்பாளை இழுத்துக்கொண்டு, "விதைநெல் நனைஞ்சிரும்க்கா" என்று ஓடி வந்தாள். அடி ஈரமா என்று பார்க்கச் சாக்கைத் தூக்கினாள். கறுத்தப் பலகையும் வலைத்துணியும் தெரிந்தன. அவள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். சாக்கை இறக்கிவிட்டு, தறப்பாளை மேலே விரித்து, ஓரங்களையெல்லாம் செருகி, மழைக்குள்ளேயே திரும்பிப் போனாள். அங்கே கணபதி நனைந்துகொண்டு கிடந்தான். அந்த நிமிடமே தறப்பாளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மழை விட்ட பிறகு அனோஜாவிடம் கொடுத்து அனுப்பினேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பேன், சொல்லு.

தம்பி, உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். உன் பதில் வர விதைப்புக் காலம் முடிந்துவிடும். இங்கே ஜெனரேற்றர் வைத்துப் படம் ஓட்டுகிற வீரகத்தியிடம் இரண்டு ஸ்பீக்கரையும் கொடுத்து மூன்று மூட்டை விதைநெல் வாங்கினேன். அவர் வயர் கொழுவி ஒரு நாதஸ்வரக் கசெற் போட்டுப் பார்த்தார். உன் சாமானில் ஒரு பழுதும் இல்லை. நான் நிற்க ஏலாமல் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மூட்டையை வடிவம்மாவின் கொட்டிலில் இறக்கினோம். உண்மையைச் சொல்லத்தான் போனேன். மூட்டை வாயை அவிழ்த்துவிட்டதுதான் மிச்சம். அவள் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்து, கணபதிக்கும் கேட்கும்படி, "நல்லவேளைக்கா, ஒரு மணிகூட நனையல" என்றாள். குத்திச் சொன்னாளோ, புருசனுக்கு முன்னால் என் மானத்தைக் காத்தாளோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நீ நூறு வயது நல்லாயிரு. கெதியாக உனக்கொரு கலியாணம் சரிவரட்டும். ஒரேயொரு உதவி செய். இங்கே என்னை ஒருவரும் ஏசவில்லை. அத்தானும் ஏசவில்லை, அவளும் ஏசவில்லை. நீயாவது ஏசி எழுது. உன் ஸ்பீக்கருக்காக நல்லா ஏசு. மற்றதுக்கும் சேர்த்து நான் அதை வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ஞானேஸ்வரி