ட்சுயுகோவுக்கு மட்டும் திறக்கும் கதவு

யூரோப்பா பனித்தள நிலையம்
நாள் 212, 09:10

துளைப்பான் சீராக இயங்குகிறது. உள்பனியின் வெப்பம் நேற்றைய அளவிலேயே இருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஹி. ட்சுயுகோ. பனியியலாளர், வயது நாற்பத்து நான்கு. அப்பா ஹிரோமு, ஜப்பானியர். அம்மா ஓசூர்க்காரர். இங்கே நான் மட்டுமே. மேலே சுற்றும் கப்பலில் விமானி மாசிலாமணி இருக்கிறார். இன்றைய காலை அழைப்பு:

"சுகு மேடம், சாப்ட்டாச்சா? முழுப்பேரைச் சொன்னா என் பல்லு கழண்டுரும், கோச்சுக்காதீங்க."

சாப்பிட்டேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

நாள் 214, 11:40

அடிப்பனி பிளந்துவிட்டது. நிலையம் சரிகிறது, காற்றுக்கலன் கசிகிறது. தப்பும் கலத்துக்குப் போக வேண்டும். அதன் கதவு திறக்க, உள்ளிருப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். கப்பலின் விமானி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், அவசரத்துல நாக்கு பிறழக் கூடாதேன்னு போன வாரம் பதிவுல 'சுகு'ன்னு மாத்திட்டேன். அதைச் சொல்லுங்க, தொறந்துரும்."

நல்லெண்ணம்தான். எப்போதும் நல்லெண்ணம்தான்.

11:48

தொட்டிலிட்ட நாளில் காதில் பெயர் சொல்ல வந்த பெரியம்மா, வாய்க்கு வராமல் 'சுசீலா' என்று சொல்லிவிட்டுப் போனாராம். கல்லூரியில் சுஜா. கல்யாணப் பத்திரிகையில் மாமியார் விருப்பப்படி சுகுணா. எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நிலையத் தலைவி என்ற உரிமையில் என் பெயரை மீண்டும் பதித்துவிட்டேன். காற்று அரை மணிக்கும் குறைவு. முட்டாள்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள், பெயரைச் சொல்லி நினையுங்கள்.

11:55

"என்ன மேடம் இது, உயிரோட வெளையாடறீங்க!"

"'ஸ்பெக்ட்ராஸ்கோப்'னு மூச்சு விடாம சொல்ற வாய்தானே மாசிலாமணி? நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால ஒட்டி, சட்டுனு விடுங்க."

"சுயுகோ." சிவப்பு.

"துசுகோ." சிவப்பு.

"எங்கம்மா சத்தியமா வரல மேடம்."

"எங்கம்மா சத்தியமா வரும். மறுபடி சொல்லுங்க."

12:04

விரல்கள் மரத்துவிட்டன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இயந்திரம் கேட்கிறது: 'சுகு' என்ற பதிவுக்குத் திரும்பவா? இல்லை என்று அழுத்துகிறேன்.

அவர் அழுகிறார். நான் அழவில்லை. என் பெயரை இத்தனை முறை ஒருவர் முயன்றதே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது.

12:11

ட்சு வந்துவிட்டது. யு வந்துவிட்டது. கடைசி எழுத்தை விம்மல் விழுங்குகிறது. சிவப்பு.

திரும்பவா?

இல்லை.

மூச்சு குறைவு. எழுத்து சாய்கிறது. மாசிலாமணி, மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகச் சொல்லுங்கள். அவசரமில்லை.

திரும்பவா?

இல்