தலையில் சுற்றிய பனியன்

என் சுருட்டைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு முடி முளைத்துவிட்டது! அதுவும் உன்னுடையதைப் போலவே சுருள் சுருளாக! அந்தக் கீமோ ஊசியெல்லாம் முடிந்து வளர்கிற முடி சிலருக்கு இப்படித்தான் வருமாம், நர்ஸம்மா சொன்னாள்.

பிறந்ததிலிருந்து கோல் மாதிரி நேரான முடி எனக்கு. சுருட்டையைப் பற்றி நான் என்ன கண்டேன்? பழக்கதோஷத்தில் காய்ந்த தலையில் சீப்பைப் போட்டேன். பிரித்துப்போட்ட தலையணைப் பஞ்சு மாதிரி பொம்மென்று எழுந்து நின்றுவிட்டது! அப்புறம்தான் நீ செய்வது நினைவுக்கு வந்தது. ஈரத் தலையில் கண்டிஷனரைத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்தேன். துண்டால் துவட்டாமல், உன்னைப் போலவே ஒரு பழைய பனியனைச் சுற்றிக்கொண்டேன்.

"என் பனியன் எங்கடி?" என்று உன் அப்பா வீட்டையே இரண்டாக்கிக்கொண்டு வந்தார். என் தலையில் இருப்பதைப் பார்த்ததும் வெடுக்கென்று உருவினார். உருவிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் உன் தலையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க சித்தியா?" என்று என்னைக் கேட்பார்களே, ஞாபகமிருக்கிறதா?

"இனிமே எவளாவது உன்ன சித்தியான்னு கேக்கட்டும், பாத்துக்கறேன்" என்றார். கண்ணில் ஷாம்பு பட்டுவிட்டதாம். மனுஷன் இன்னும் குளிக்கவே போகவில்லை!

வரும்போது உன் கண்டிஷனர் இரண்டு பாட்டில் வாங்கி வா. இப்போது இரண்டு தலை.

உன் ஜாடையில் இருக்கும்
அம்மா