சூலத்தில் கட்டிய கம்பி

1934 செப்டம்பர் 25, செவ்வாய்

மூன்று மணிக்கு இருட்டல், நாலு மணிக்குக் கொட்டல், ஐந்து மணிக்கு வெயில். துணி இன்றும் காயவில்லை.

அண்ணன் வயர்லெஸ் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டான். சீமைக்குத் திரும்பும் ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தது. கூடத்தில் வைக்க அம்மா விடவில்லை. "அப்பா படத்துக்கு முன்னாடி வெள்ளக்காரன் கத்தக் கூடாது." ஆகவே வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் விறகு அறை. அண்ணன் அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்: லிஸ்னிங் ரூம். ரயில்வே பட்டறை ஆபீசில் இவனோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரையும் கூப்பிடப் போகிறானாம்.

பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. "நீ படிச்சு ஒரு பிளான் போட்டுக் குடு, கமலம். எனக்கு நேரமில்ல." நேரமில்லை என்பது பொய். மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போனதைப் பார்த்தேன்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கதைப் புத்தகத்தைக்கூட மூடி வைத்துவிட்டேன்.

பிளான்:
— கரண்ட்: அடுப்படி விளக்கு ஹோல்டரில் இரட்டை முனை மாட்டி, அதிலிருந்து. வெளிச்சுவர் மேலே, கூரைக்கு அடியில், விறகு அறை வரை. அடுப்படிச் சுவிட்சைப் போட்டால்தான் அங்கேயும் கரண்ட்.
— ஏரியல்: ஜம்பு மரத்திலிருந்து கூரை முகட்டுக்கு. ஜன்னல் வழியாக உள்ளே.
— எர்த்: பெட்டியிலிருந்து ஒரு கம்பி தரைக்குள். நாலடி ஆழத்துக்கு இரும்பு வேண்டும். ஈர மண்ணானால் நல்லது.
— துளை 2: கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. தள்ளித் தள்ளி.
— சுவர் முழுக்கக் கோணிச்சாக்கு. இல்லாவிட்டால் ரயில் சத்தம்தான் கேட்கும்.
— பெட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட்.

துளைதான் தொல்லை. ரயில்வே குவாட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்தாலே ஓவர்சியர் குதிப்பார். ஒரு துளையென்றால் காலண்டர் மாட்டி மறைக்கலாம். இரண்டை எப்படி? 2 என்று எழுதியதை அடித்து 1 என்று போட்டேன்.

செப். 29, சனி

வேலை முடிந்தது. கையெல்லாம் செங்கல் தூள்.

எர்த்துக்கு நாலடி இரும்புக்கு எங்கே போவது என்றான் அண்ணன். ஜன்னல் வழியாக அப்பாவின் முனியாண்டி தெரிந்தது. ஜம்பு மரத்தடியில் ஒரு துண்டுத் தகரக் கூரை, ஒரு கல், ஒரு சூலம். "நாலடி உள்ள போயிருக்கு, யானை வந்தாலும் அசைக்க முடியாது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். சூலத்தை அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கழுவுகிறாள்.

நான்தான் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உனக்கு மூளை இருக்கு லா."

அம்மா மீன் வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் ஒரு சாண் தோண்டி, சூலத்தின் அடியில் கம்பியைச் சுற்றி, மண்ணை மூடினான். நான் சந்து முனையில் காவல். பாவமா? வெறும் கம்பி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அம்மா மீன் கூடையோடு திரும்பும் முன் அந்த மண்ணை இரண்டு முறை மிதித்துச் சமன் செய்தேன்.

மாலை 7: முதலில் கடல் இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு பியானோ. அண்ணன் குதித்தான். நானும் கொஞ்சம். அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இதுக்காடா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? சட்டியில கடுகு வெடிக்குது."

இந்த நோட்டு இனிமேல் கோணிச்சாக்குக்குப் பின்னால்.

அக்டோபர் 5, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

ஐந்து மணி வரை மழை. ஆறு மணிக்கு அம்மா குளித்து, ஈரத் தலையோடு, சொம்புத் தண்ணீரோடு சூலத்துக்குப் போனாள். அப்பா போன இரண்டு வருஷமாக இதே வழக்கம். கழுவி, சூலத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். என்ன கேட்பாள் என்று தெரியாது.

சொம்பு விழுந்த சத்தம். ஓடினேன். அம்மா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகையும் சிரிப்பும்.

"வந்துச்சுடி! முழங்கை வரைக்கும் ஏறுச்சு!"

"என்னம்மா?"

"உங்கப்பா மேல வருஷாவருஷம் சாமி எறங்கும். நான் பக்கத்துல சொம்பத் தூக்கிக்கிட்டு நிப்பேன். என்னை ஒரு தடவ திரும்பிப் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துருச்சு."

விறகு அறையில் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. ஏதோ பாண்டு வாத்தியம். அதைக் கேட்டதும் சூலத்தடியில் புதைத்த கம்பி ஞாபகம் வந்தது. சோறு இறங்கவில்லை. அம்மா இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.

அக். 6, சனி

புத்தகம். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கரண்ட் கம்பியையும் எர்த் கம்பியையும் ஒரே துளையில் விடவே கூடாது என்ற வரிக்கு அடியில் பென்சில் கோடு. என் பென்சில். நான் போட்ட கோடு.

காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு செங்கல் விளிம்பில் உராய்கின்றன. மேல் நூல் ஈரத்தில் கறுத்து, உள்ளே ரப்பர் வெடித்து. கூரைத் தண்ணீர் நேரே துளைக்குள்தான் வடிகிறது.

மழை + சுவிட்ச் = சூலத்தில் கரண்டு.

ஈரக் கை, வெறுங்கால் என்றால் ஆளையே கொல்லும் என்கிறது புத்தகம். மூன்று முறை படித்தேன். வார்த்தை மாறவில்லை.

அக். 9, செவ்வாய்

அண்ணனிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தான்.

"அம்மா சந்தோஷமா இருக்காங்க இல்ல? அப்புறம் என்ன?"

"செத்துப் போயிடுவாங்க அண்ணா."

"லேசா சுருக்குனு கடிக்கும். பட்டறையில நாங்க தினம் வாங்குறோம். வெள்ளிக்கிழமை ஆளுங்களக் கூப்பிட்டிருக்கேன், அது முடியட்டும், சரி பண்றேன்." பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே, "சூலத்துல கட்டச் சொன்னது நீதானே? அதையும் அம்மாகிட்டச் சொல்லுவியா?"

துணியை எடுக்கக் கொடிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் வீட்டில் நான் மட்டும். ஹோல்டரிலிருந்து கம்பியைக் கழற்றினேன். கத்தரிக்கோலோடு சூலத்தடியில் மண்டியிட்டேன். கரண்டு இல்லை, தெரியும். கழற்றியது நானே. ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும். பிறகு எழுந்து உள்ளே வந்து கம்பியைப் பழையபடி மாட்டிவிட்டேன். எதற்கு மாட்டினேன்? அண்ணன் கத்துவான் என்றா? இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்.

அக். 11, வியாழன்

காலையில் சூலத்தடியில் ஒரு தேரை. கால் விறைத்து, வாய் திறந்து. நேற்று மாலை மழை, அண்ணன் பெட்டியைப் போட்டிருந்தான்.

"பாம்பு தீண்டியிருக்கும்" என்று அம்மா தென்னந்துடைப்பத்தால் தள்ளினாள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா வேலி மேல் சாய்ந்துகொண்டு: "நாளைக்கு நானும் ஒரு சொம்பு ஊத்துறேன் அக்கா. மூட்டுவலி உயிரெடுக்குது. மாடத்தி, பார்வதி எல்லாரும் வராங்களாம்."

ஐந்து பேர். முதலில் அம்மா.

நேரே பின்வரிசை வீடுகளுக்குப் போனேன். அந்தோணி அண்ணன், ரயில்வே வயர்மேன். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துளை, கம்பி, சூலம், தேரை. எல்லாவற்றையும் நான் மனம்விட்டுச் சொன்னது முதலில் அவரிடம்தான். சிரிப்பார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"தேரை செத்துச்சா? நிச்சயமா?"

"நானே பாத்தேன் அண்ணே."

"அப்போ ரப்பர் முழுசாப் போயிருச்சு, தங்கச்சி. போன வாரம் மாதிரி லேசாக் கடிச்சிட்டு விடாது, உயிரையே எடுத்துரும். நாளைக்கு எனக்குக் கிள்ளான்ல வேலை, ஆறு மணி ரயிலுக்குத்தான் எறங்குவேன். அதுவரைக்கும் சுவிட்சப் போட விடாத. என்ன பொய் வேணாலும் சொல்லு. மாதா மன்னிப்பாங்க."

அக். 12, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாலு மணிக்கு ஹோல்டர் முனையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். ஐந்தரைக்கு அண்ணன், கூட பட்டறை ஆட்கள் இருவர். "கமலம், முனை எங்க?" தெரியாது என்றேன். அரிசி அளக்கப் போன அம்மா அதை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். "அரிசிப் பானையில என்னடா இது? எலியா தூக்கிப் போட்டுச்சு?"

அடுப்படி விளக்கு எரிந்தது. விறகு அறையில் பெட்டி இரைந்தது. மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்ச் சூலத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் அது இருக்கிறது என்ற நினைப்பிலேயே கழுத்து மயிர் நின்றது. பெண்கள் சொம்புகளோடு வரிசையாக.

அம்மா: "நகருடி."

"மாட்டேன்."

"குளிச்சியா நீ?"

"இல்ல."

"அப்போ தூரப் போ. தீட்டு."

நகரவில்லை. பாக்கியத்தக்கா: "படிச்ச பிள்ளைக்குச் சாமின்னா எளக்காரம்."

சைக்கிள் மணி. அந்தோணி அண்ணன். வந்தவர் யாரோடும் பேசவில்லை. தரையில் ரப்பர் ஷீட்டை விரித்து அதன் மேல் ஏறி நின்றார். கையில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு கம்பி. ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார். மற்றதைச் சூலத்தில் வைத்தார்.

பல்பு எரிந்தது. ஆரஞ்சுப் பழம் போல.

"பாத்தீங்களா? சூலத்துல கரண்டு" என்றார். யார் காதிலும் விழவில்லை. பாக்கியத்தக்கா குலவை போட்டாள். மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "முனியாண்டி! வெளக்கே ஏத்திட்டியா அப்பா!" அம்மாவின் முகம். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சூலத்தை நோக்கிப் பாய்ந்தாள்.

இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இருவரும் விழுந்தோம். கன்னத்தில் அறைந்தாள். அம்மா என்னை அடித்தது இதுதான் முதல் தடவை. "அண்ணா, அணை! அணை!" என்று கத்தினேன். என் குரல் மாதிரியே இல்லை.

அண்ணன் விறகு அறை வாசலில் நின்று பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்படிக்கு ஓடினான்.

அடுப்படி இருண்டது. பல்பும்.

"இன்னொரு தடவ போடு, சுந்தரம்" என்று அண்ணனுக்குக் குரல் கொடுத்தார் அந்தோணி அண்ணன். எரிந்தது. "அணை." அணைந்தது. "போடு." மூன்றாவது தடவை யாரும் குலவை போடவில்லை.

அம்மா பல்பையும் அடுப்படி ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். மகன் விரலுக்குச் சாமி வருகிறது, போகிறது.

"எப்போலருந்து?"

சொன்னேன். எல்லாவற்றையும். காவல் நின்றதையும். அம்மா கேட்டுக்கொண்டே சொம்பை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, உள்ளே போய்விட்டாள்.

அக். 14, ஞாயிறு

அம்மா பேசவில்லை, இருவரோடும். சோறு போடுகிறாள். பார்வை எங்கேயோ.

பாக்கியத்தக்கா, வேலிக்கு அந்தப் பக்கம்: "என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கு, போ."

புது பிளான்:
— துளை 2. எட்டடி இடைவெளி. ஓவர்சியர் வரட்டும்.
— எர்த்துக்குச் சாக்கடை ஓரம் புதிய இரும்புக் குழாய். சுற்றிலும் வேலி.
— கரண்ட் கம்பி முழுக்கப் புதியது.
— சூலத்துக் கம்பி: எடுத்தாகிவிட்டது. தோண்டியது அண்ணன். நுனியை நானே பார்த்தேன்.

அந்தோணி அண்ணன் சூலத்தில் பல்பு வைத்துச் சோதித்தார். எரியவில்லை. இன்னொரு முறை என்றேன். வைத்தார். இன்னொரு முறை என்றேன். "தங்கச்சி, போதும்."

போதவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடத் துணியைச் சுற்றிக்கொள்கிறேன்.

அக். 19, வெள்ளி

மத்தியானம் மழை. ஐந்தரைக்கு அம்மா குளிக்கும் சத்தம்.

வரமாட்டாள் என்றிருந்தேன். சொம்போடு வந்தாள். தண்ணீரை ஊற்றியே சூலத்தைக் கழுவினாள். தொடவில்லை. பிறகு ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

"இங்க வா. தொடு."

"பயமா இருக்கும்மா."

"கம்பிய எடுத்தாச்சுன்னு சொன்னீங்க?"

"எடுத்தாச்சு."

"அப்புறம் என்ன?"

தொட்டேன். ஈர இரும்பு. குளிர்ச்சி. வேறொன்றும் இல்லை.

அம்மா என் கையை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தாள். இறுக்கமாக. வெறுங்கால் சேற்றில்.

"போயி சுவிட்சப் போடு."

"வேண்டாம்மா."

"போடுன்னா போடு."

அடுப்படி வரை பதினாலு எட்டு. இரண்டு துளை. எட்டடி. புதுக் கம்பி. குழாய். நுனியைப் பார்த்தேன், நானேதான் பார்த்தேன். முதல் பிளானையும் நானேதான் போட்டேன். தேரையின் வாய்.

சுவிட்சில் விரல். அமுக்கினேன்.

தலைக்கு மேல் விளக்கு. பின்னால் பெட்டி சூடாகி மெல்ல இரையத் தொடங்கியது. ஜன்னலுக்குப் போனேன். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

"அம்மா?"

சத்தமில்லை.

"அம்மா!"

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

விறகு அறையில் எந்த நாட்டுக்காரனோ சிரித்தான். அம்மா கையை எடுக்கவில்லை.