கை பொறுக்காத தண்ணீர்

போஜோ,
குளிர்காலம் பிறந்த மூன்றாம் நாள்

அன்புத் தம்பி ஷோவ்ரென்னுக்கு,

அக்கா ஜிங்யா எழுதுவது. நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

"கால்ல சூடு உறைக்குதுடா" என்று போன வாரம் உன்னிடம் சொன்னாரே, அது முழுப் பொய். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை அந்தப் பாதங்களின் உணர்வைத் தின்றுவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடக்கிறார். கால் ஊறவைக்க நீ அனுப்பிய மூலிகைப் பொட்டலம் வேலை செய்கிறது என்று உன் மனசைக் குளிர்விக்கச் சொன்னது அது.

நம் கெங் வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துத்தான் கஷாயம் எழுதித் தருவார். கால் ஊறவைக்கும் தண்ணீரைப் பற்றி அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டார்: "வெதுவெதுப்பா இருந்தாப் போதும். நோயாளி சொல்றதை நம்பாதீங்க, வேற ஆளு மணிக்கட்டை விட்டுப் பாக்கணும். ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தாதீங்க."

நீ என்ன செய்தாய்? குவாங்ஜோவில் உட்கார்ந்துகொண்டு, எவனோ விற்ற பொட்டலத்தை வாங்கி அனுப்பினாய். "கொதிக்கக் கொதிக்க ஊத்து, நெத்தி வேர்க்கிற வரைக்கும் காலை எடுக்க விடாதே. உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாய். பெரிய வைத்திய சிகாமணி!

ஊற்றினேன். மாசிபத்திரியும் இஞ்சியும் வீடெல்லாம் மணந்தன. என் கை ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை, வெடுக்கென எடுத்துவிட்டேன். அப்பா மட்டும், "இதமா இருக்கும்மா, புள்ள அனுப்பினதாச்சே" என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். காலை எடுத்தபோது தோல் வழண்டு வந்தது.

ஒன்பது நாளாயிற்று. வலது சுண்டுவிரல் கறுத்துவிட்டது. கஷாயம் காய்ச்சிய சக்கையைத் தெருவில் கொட்டினால் மிதிப்பவர் காலோடு நோய் போய்விடும் என்று, நொண்டி நொண்டி அவரே முச்சந்திக்குப் போய்க் கொட்டுகிறார். எதிர்வீட்டு பாவ் அம்மாள் பொறுக்க மாட்டாமல், "ஊரே மிதிச்சாலும் அந்த விரல் சிவக்காதுய்யா, டாக்டர்கிட்ட போங்க" என்று கத்தினாள்.

கெங் வைத்தியரும் இன்று பார்த்துவிட்டு, "இதுக்கு என்கிட்ட மூலிகை இல்லைம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, இல்லேன்னா பாதமே போயிரும்" என்றார். அப்பா அசையவில்லை. "என்னாச்சுன்னு அங்க கேப்பாங்க. மகன் அனுப்பின மருந்துல வெந்துபோச்சுன்னு என் வாயால சொல்லுவேனா?" என்கிறார்.

என் தப்பை அவரிடம் அழுது சொல்லிவிட்டேன். "நீ என்னம்மா செய்வே" என்று முடித்துக்கொண்டார். இந்த வீட்டில் என் பேச்சு என்றைக்கு எடுபட்டது? நீ சொன்னால்தான் எழுந்திருப்பார்.

படித்த கையோடு அவரைக் கூப்பிடு. சாக்கு, சமாதானம் எதுவும் வேண்டாம். "அப்பா, நான் சொன்னது தப்பு" என்று சொல். விரலோடு போகட்டும், காலாவது மிஞ்சட்டும்.

உன் ரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள், மடையா. நீயாவது உன் காலால் நடந்து வீடு வந்து சேர வேண்டும்.

கோபம் தீராத அக்கா,
ஜிங்யா