ஜன்னலோர அவரைச் செடி

மகளே,

பாப்பாவின் பள்ளியில் இன்று பத்து மணிக்கு வசந்த விழா. வீட்டில் வளர்த்த அவரைச் செடியை எல்லாப் பிள்ளைகளும் கொண்டுபோக வேண்டும். அவளுடையதை நான் களை என்று நினைத்துக் காலையில் பிடுங்கிவிட்டேன்! பூங்காவில் கோடிக் களை பிடுங்கி ஓய்வு பெற்ற கை, சும்மா இருக்குமா? "எதையும் தொடாதீங்கப்பா"ன்னு நேற்று நீ கத்தினது சரிதான், தாயே.

அதே உயரத்தில் வேறு செடி தேடி ஊரையே புரட்டப் போகிறேன். பால் ஃபிளாஸ்கில் இருக்கிறது. தொட்டியை அவளிடம் காட்டாதே.

பி.கு.: கண்ணாடி போட்ட பிறகுதான் தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். செடிக்குப் பெயர் வைத்திருக்கிறாள்: "தாத்தா".

வேறு செடி வேண்டாம். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து மறுபடி நட்டிருக்கிறேன். செடி நிமிர நேரம் கிடைக்க, அதைக் காட்ட அவளைக் கடைசியாகக் கூப்பிடும்படி டீச்சரிடம் கெஞ்சப் போகிறேன். செடிக்குத் தலை தொங்குகிறது. கொஞ்சம் தண்ணீர் விடு, திட்டாதே.

அப்பா