சூட்டு மாத்திரைக்குக் கள்ளு

காஜா பெராங், மலாக்கா
20-2-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கோகிலா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. அதனால் உங்களை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது? குனிந்து நிமிர முடிகிறதா? சோறு நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பொங்கலுக்கு வந்திருந்தபோது டாக்டர் கொடுத்த முதுகுவலி மாத்திரை தீரப் போகிறது, தம்பியிடம் மிச்சம் இருந்தால் வாங்கி சிங்கப்பூருக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கள்ளோடு போட்டால்தான் நன்றாகக் கேட்கிறது, ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் துறைமுகத்துக்குப் போய்வருகிறேன் என்று பெருமை வேறு. மாத்திரை அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அத்தை தடுத்து வைத்திருக்கும் செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

தியாகு தம்பிக்கு வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. பலகை மில்லில் வாள் அறுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். பதறி எழுந்து முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து மீதியைப் படியுங்கள்.

மாத்திரை கொடுத்த டாக்டர் அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மருந்து கட்டுகிற டிரெஸர் தமிழில் எடுத்துச் சொன்னார். இது தசைப் பிடிப்பைத் தளர்த்துகிற மருந்தும் வலி மருந்தும் சேர்ந்த மாத்திரை. சாப்பிட்ட பிறகு போட வேண்டும். தூக்கம் வரும், மெஷின் பக்கம் போகக் கூடாது. குடிக்கவே கூடாது. வேறு வலி மருந்து எதையும் இதோடு சேர்க்கக் கூடாது. உங்கள் உடம்பைப் பார்த்துக் கொடுத்தது, இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினீர்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, இங்கிலீஷ் மருந்து சூடு, கண் எரியும், நீர்க்கடுப்பு வரும், குளிர்ச்சிக்கு இரண்டு மங்கு கள்ளு குடித்தால் சரியாகிவிடும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மாத்திரை சூடு, கள்ளு குளிர்ச்சி என்று. கள்ளு குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். டாக்டர் சொன்னது பிராந்தியை, கள்ளு மரத்திலிருந்து வருவது, அது குடியில் சேராது என்றீர்கள். மாத்திரையைப் போட்டுக் கள்ளையும் குடித்துவிட்டு மத்தியானம் படுத்தவர் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தீர்கள். வலி பறந்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். வலி போகவில்லை அத்தான், உங்களுக்கு நினைவுதான் போயிருந்தது. அப்போதே இதை நான் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் கிளம்புகிற அன்று, கட்டை தூக்கித் தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உங்களுக்குக் கொஞ்சத்தைப் போத்தலில் போட்டுக்கொண்டு, மீதியைப் பாக்கெட்டோடு அவரிடம் கொடுத்தீர்கள். எனக்குக் கேட்டது உனக்குக் கேட்காதா, டாக்டரிடம் எதற்கு அலைகிறாய் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் தம்பிக்கு நடுவில் மூக்கை நுழைக்காதே என்று சிரித்தீர்கள். தம்பிக்கு உங்கள் வாக்கு வேதவாக்கு, அது உங்களுக்கும் தெரியும்.

அவர் கொஞ்ச நாள் அப்படியே போட்டிருக்கிறார். கை அறுபட்ட அன்றைக்கு வலி அடங்கவில்லையாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாத்திரையைப் போட்டு, அது போதாதென்று சீனர் கடையில் தலைவலித் தூளும் வாங்கித் தின்று, சூடு தணிய கள்ளுக்கடைக்கும் போய்விட்டுத் திரும்பச் செங்கில் இருக்கிற பலகை மில்லுக்குப் போயிருக்கிறார். கூட வேலை செய்கிற மருதமுத்துதான் எனக்குச் சொன்னார். தம்பி நின்றுகொண்டே கண் சொருகினாராம். மருதமுத்து கூப்பிட்டதற்கு, ஒண்ணும் இல்லண்ணே என்று சொல்லிவிட்டு வாளுக்குள் பலகையைத் தள்ளியிருக்கிறார். பலகை முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. கை மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் அத்தையும் ஓடினோம். தம்பிக்கு நாக்குக் குழறியது. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டதற்குக் கள்ளு மட்டும்தான் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டும் மாத்திரையைப் பற்றி மூச்சுவிடவில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கையைத் தைக்க உள்ளே கொண்டுபோகத் தயாரானார்கள். அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது பையில் பாக்கெட் இருந்தது. அத்தையும் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னவன் கையே போயிருச்சு, பெரியவன் பேரையும் கெடுத்துடாதடி என்று அழுதார். பாக்கெட்டை மறைத்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். மூச்சு நின்று நின்று வந்தது. கையை உதறிக்கொண்டு போய் பாக்கெட்டை டாக்டரிடம் நீட்டிவிட்டேன்.

அதில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, இது யார் என்று கேட்டார். உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அத்தைதான் சொல்வார். பக்கத்துக் கம்போங்கில் இருக்கிற, தமிழ் பேசத் தெரியாத செட்டி வீட்டு அம்மாளிடம் மலாயில் பேசும்போதும் ‘லாக்கி சாயா’, என் வீட்டுக்காரர், என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் சொன்னேன். சேதுராமன், என் கணவர், அவருக்குக் கொடுத்த மாத்திரை, தம்பிக்கு அவர்தான் கொடுத்தார் என்று. உங்கள் பெயரை முதன்முதலாக இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று பிறகு தனியாக உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மாத்திரையும் கள்ளும் இரண்டுமே மூச்சை மந்தமாக்குமாம். தெரியாமல் அதன் மேல் முழு மயக்க மருந்தையும் கொடுத்திருந்தால் மூச்சே நின்றிருக்கலாமாம். மருதமுத்து சொன்ன தூளையும் சொன்னேன், அதிலும் வலி மருந்துதான், அதுவும் சேர்ந்து ஈரல் கெடலாம் என்பதால் கண் மஞ்சளாகிறதா என்று தினமும் பார்த்தார்கள். நல்லவேளை ஆகவில்லை. மிச்சம் இருந்த மாத்திரையை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

அத்தை அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம், உப்புப் போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. செட்டி வீட்டு அம்மாள்தான் தினமும் கஞ்சி கொண்டுவந்து, தம்பியைப் பார்த்து ‘காசியான்’, ஐயோ பாவம், என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். பரிதாபப்பட்டால் தம்பிக்குப் பிடிக்கவில்லை, அதனால் கஞ்சியை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

சீதாவின் அப்பா செமாபோக்கிலிருந்து வந்தார். சித்திரையில் தம்பிக்கும் சீதாவுக்கும் கல்யாணம் என்று பேசியிருந்தோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியைத் தொடவில்லை. எழுந்து போகும்போது, அண்ணன் வரட்டும் பேசிக்கலாம் என்றார். சீதா என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு எழுதாதீங்க அண்ணி, மனசு ஒடஞ்சு போயிருவாரு என்று தம்பியும் இத்தனை நாள் என் கையைக் கட்டிப்போட்டிருந்தார். கேட்கிறவர்களிடம் எல்லாம் மாத்திரையைத் தானே கடையில் வாங்கியதாகச் சொல்கிறார். நேற்று உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கள்ளோடு போட்டால் நன்றாகக் கேட்கிறது என்ற இடம் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். எழுதுங்க அண்ணி, எல்லாத்தையும் எழுதுங்க, அண்ணன் பாரந்தூக்கி ஓட்டுறாரு என்றார்.

அதைத்தான் அத்தான் நானும் சொல்ல வருகிறேன். நீங்கள் ஏணியில் அத்தனை உயரம் ஏறுகிறீர்கள். உங்கள் கையில் கொக்கி இருக்கிறது, கொக்கியில் மூட்டைகள் இருக்கின்றன, கீழே யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை நிற்கிறான். உங்களுக்குக் கண் சொருகினால் அவனுக்கு என்ன ஆகும்? போத்தலில் இருக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் போங்கள். எத்தனை நாளாக, எதோடு போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கள்ளை விடுங்கள். மாத்திரை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், அது முடிகிறவரை கீழே வேறு வேலை கேளுங்கள். வேலை பிரித்துக் கொடுக்கிற கிராணி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

பிறகு லீவு சொல்லிவிட்டு வாருங்கள். தம்பியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சோறு ஊட்டுங்கள். என் கையால் ஊட்டினால் வெட்கப்பட்டுப் பாதியில் போதும் என்கிறார்.

எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தைக் கடிதத்தில் எழுதப் போவதில்லை, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தாயே மாரியம்மா என்று தினமும் உங்களுக்காக ஒன்றுதான் வேண்டுகிறேன். முழு உடம்போடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோகிலா