யானையும் என் நாத்தனாரும்

மார்ச் 3, திங்கள்

இன்று காலைக் கூட்டத்தில் மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தரவுத்தளத்தை மாற்றப் போகிறார்கள். பதினோரு வருடமாக நான் கட்டிக் காத்த பழையது போதுமாம். அதற்குப் பதிலாகத் திறந்த மூலத்தில் ஒன்று வருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். சின்னம் யானைத் தலை. யோசனை யாருடையது? என் நாத்தனாருடையது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

அவளை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

ஏப்ரல் பாதி வரைக்கும் சோதனை. யானை தாக்குப்பிடித்தால் தரவுத்தளப் பொறுப்பு அவளுக்கு. தடுமாறினால் பழையதே தொடரும், பொறுப்பும் என்னிடமே இருக்கும். மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "ஒரே வீடு, ஒரே சாப்பாடு. உங்களுக்குள்ள என்ன போட்டி வந்துடப் போகுது?"

என்ன போட்டியா!

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸில் "மேடம்", வீட்டு வாசலைத் தாண்டினால் "அண்ணி". எந்த இடத்தில் மாற்றுகிறாள் என்று இன்று கவனித்துக்கொண்டே வந்தேன். செருப்பைக் கழற்றும்போது.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தங்கையிடம் கேட்டார், "அப்படி என்னதான் இருக்கு உன் யானைல?" பதினோரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் தரவுத்தளத்தைப் பற்றி இந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டதில்லை. 'சர்வர் விழுந்துடுச்சு, நேரமாகும்' என்று போன் செய்தால் "சரி, வரும்போது பால் வாங்கிட்டு வா" என்பார்.

அவள் உற்சாகமாகச் சொன்னாள். "அண்ணா, அதோட நிரல் மொத்தமும் திறந்து கிடக்கு. யாரு வேணா படிக்கலாம், திருத்தலாம். ஒரு கம்பெனி இழுத்து மூடினாலும் அது சாகாது. நடுவுல கரண்ட் போனாக்கூட, முடிஞ்ச வேலை முடிஞ்சதுதான், பாதில நின்னது அப்படியே பின்வாங்கிடும். கணக்கு குழம்பாது."

என்னுடையதும் அதைத்தான் செய்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, "என் பொண்ணு தொட்டதெல்லாம் துலங்கும்" என்றார். நான் குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அத்தையைப் பொறுத்தவரை நான் பார்ப்பது "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுற வேலை".

மார்ச் 16, ஞாயிறு

காலை ஆறு மணியிலிருந்து எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். தேதிகள் எழுதும் முறை ஒத்து வராமல் இரண்டு முறை நின்றது. பழையதில் நான் எழுதி வைத்திருந்த நாற்பத்து மூன்று சின்னச் சின்ன நிரல்களை அவள் உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியிருந்தது. மாறிப் போவதில் இருக்கிற சிரமம் இதுதான். இரண்டு தரவுத்தளமும் ஒரே மொழி பேசுகின்றன என்பார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு உச்சரிப்பு.

மதியம் ஒரு மணிக்கு முடித்துவிட்டாள். நான் மாலை ஏழாகும் என்று நினைத்திருந்தேன். என்று ஆசைப்பட்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

மார்ச் 18, செவ்வாய்

கவுன்டரில் முடிவுத்தாள் கொடுக்கும் அக்கா என் மேஜைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இப்பல்லாம் ரிப்போர்ட் சட்டுனு வந்துடுதும்மா! முன்னாடி காலைல பத்து மணிக்கு உயிர் போகும், ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் இருக்குமா? பத்து மணிக்கு டாக்டர்கள் மொத்தப் பட்டியல் எடுப்பார்கள். அது முடியும்வரை கவுன்டரில் எந்த முடிவையும் பதிய முடியாது. "கொஞ்சம் பொறுங்க, அது அப்படித்தான்" என்று பதினோரு வருடம் சொல்லியிருக்கிறேன். அது அப்படித்தான் இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

யானை இதை எப்படிச் செய்கிறது என்று படித்தேன். ஒரு பதிவை மாற்றும்போது பழையதை அது அழிப்பதில்லை. புதியதைத் தனியாக எழுதிவிட்டு, பழையதை அப்படியே விட்டு வைக்கிறது. பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர் பாட்டுக்குப் படிக்கலாம், புதியதை எழுதுபவர் பாட்டுக்கு எழுதலாம், ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. இனி யாருக்கும் தேவைப்படாத பழைய பதிவுகளை ஒரு துப்புரவு வேலை அவ்வப்போது வந்து பெருக்கித் தள்ளிவிடும்.

நன்றாகத்தான் இருக்கிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 20, வியாழன்

ஒரு ஓட்டையாவது இருக்காதா? பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்று உட்கார்ந்தேன். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பதிவுகள் மாறினால் கணக்கு உதைக்கும். அதனால் யானையிடம், 'இந்த நொடியில் இருப்பதை அப்படியே எனக்குக் காட்டிக்கொண்டிரு, இதற்குப் பிறகு நடப்பது எதுவும் எனக்கு வேண்டாம்' என்று கட்டளை கொடுத்து என் பெயரில் ஓர் இணைப்பை, ஒரு செஷனை, திறந்தேன். கேட்ட மாதிரியே காட்டியது. அட்டவணை அட்டவணையாக எண்ணினேன். ஒரு பதிவுகூடக் குறையவில்லை. ஒன்றுகூட!

பன்னிரண்டாவது அட்டவணையில் இருக்கும்போது வீட்டுக்காரரிடமிருந்து போன். அத்தையின் கண் ஆபரேஷனை நாளைக்கே வைத்துவிட்டார்களாம். "நீ வந்துடும்மா, அவளுக்குப் புது சிஸ்டம், நகர முடியாது" என்றார் அவர். பெற்ற மகள் ஆபீஸில், மருமகள் ஆஸ்பத்திரியில். திரையைப் பூட்டிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

அத்தை கண்கட்டோடு படுத்தபடி கேட்டார், "என் பொண்ணு சாப்பிட்டாளா?" பக்கத்தில் சொட்டு மருந்துப் புட்டியோடு நின்றவள் நான்.

மார்ச் 26, புதன்

ஆபீஸுக்குத் திரும்பினேன். உள்ளே நுழையும்போதே வரவேற்பில் கூட்டம். ஒரு முடிவுத்தாள் வர நான்கு நிமிடமாம். வெள்ளிக்கிழமையிலிருந்தே மந்தமாகி, நேற்றிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறதாம். ஹார்டு டிஸ்க்கும் நிரம்பிக்கொண்டே போகிறது. இங்கே ஒரு ரத்த மாதிரியின் பதிவு, வந்தது, இயந்திரத்தில் ஏறியது, சரிபார்த்தது என்று ஏழெட்டு முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பழைய பதிவு மிஞ்சும். அதைப் பெருக்க முடியாமல் யானை திணறுகிறது.

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். நன்றாக இருந்தது. டீ இனித்தது. கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் அவளைப் பிடித்துக் காய்ச்சினார். "பழசுல பிரச்சினைன்னா கம்பெனிக்கு ஒரு போன் போட்டா ஆள் வரும். இதுக்கு யாருக்கும்மா போன் போடுறது? உலகத்துக்கா?" அவள் மெதுவாகச் சொன்னாள், "இணையத்துல இதுக்குன்னு இருக்கிற மன்றத்துல கேட்டிருக்கேன் சார். பதில் வரும்." "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழசுக்கே போயிடலாம். நீங்களும் வேற வேலை பாருங்க." இங்கேயே வேறு வேலையா, வேறு இடத்திலா என்று அவர் சொல்லவில்லை.

இதுவும் யானையின் குறைதான். தட்டிக் கேட்க ஒரு முகவரி கிடையாது. முன்பின் தெரியாத யாராவது மனமிரங்கிப் பதில் எழுதினால்தான் உண்டு.

கவுன்டரில் ஒரு அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். டாக்டர் முடிவைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவாராம். அவரைப் பார்த்த பிறகு டீ இனிக்கவில்லை.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தேன். "வேணாம் அண்ணி" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் கேட்டது இதைத்தானே?

மார்ச் 28, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு, அவள் எங்கே தப்பு செய்திருக்கிறாள் என்று நானே பார்த்துவிடலாமென்று, யானைக்குள் யார் யார் செஷன் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். எல்லாம் சில நொடி, சில நிமிடம். ஒன்று மட்டும் எட்டு நாள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா திறந்து கிடக்கிறது. பெயர்?

என் பெயர்.

நான்தான். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப பூட்டினது திரையைத்தான், செஷனை மூடவே இல்லை. 'இந்த நொடியில இருக்கறதை அப்படியே காட்டு'ன்னு கேட்டேனே, அந்தப் பைத்தியக்கார யானை எட்டு நாளா காட்டிட்டே நிக்குது. நான் பார்க்கிறேன்னு நெனச்சு ஒரு பழைய பதிவைக்கூடப் பெருக்க விடலை. இந்த எட்டு நாள்ல ஆயிரம் தடவை துப்புரவு வந்திருக்கும், 'இதை யாரோ இன்னும் பார்த்துட்டிருக்காங்க'ன்னு திரும்பிப் போயிருக்கும். ஐயோ, அந்தக் குழந்தை...

அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. மூடிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் துப்புரவு ஓடி முடிந்தது. கவுன்டரில் கூட்டம் கரைந்தது. மேலாளர் ஓடி வந்தார்: "யாரு சரி பண்ணினது?" எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையில் மடித்த ஒரு தாள். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மேடம்தான் சார் கண்டுபிடிச்சாங்க."

"அனுபவம்னா சும்மாவா!" என்று மேலாளர் எனக்குக் கை கொடுத்தார். நான் கொடுத்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். மன்றத்தில் யாரோ காலையில் பதில் போட்டிருக்கிறார்கள்: ரொம்ப நாளாகத் திறந்து கிடக்கும் செஷன் இருக்கிறதா பார். பார்த்திருக்கிறாள். என் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள். வருவதற்குள் நான் மூடிவிட்டேன்.

"அப்ப ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னே?"

"கண்டுபிடிச்சது நீங்கதானே அண்ணி. அது பொய் இல்லையே."

"திறந்து வச்சதும் நான்தான்."

"அதை நான் சொல்லணுமா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். கண் சிவந்திருந்தது. "மூணு நாளா ஒரு வாய் சோறு இறங்கலை எனக்கு. அம்மா கண்ணைப் பார்க்கப் போகக்கூட நேரமில்லை. அதெல்லாம் நீங்க பார்த்தீங்க. அந்தக் கணக்குல இது கழிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க."

பெருந்தன்மை! அதிலும் என்னை முந்திவிட்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஒன்பது மணிக்கே மேலாளர் அறைக்குப் போனேன். ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். யானையின் நிறை: படிப்பவரும் எழுதுபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம், பதிவு ஒன்றும் தொலையவில்லை, நானே எண்ணினேன், யாருடைய தயவும் இல்லாமல் நாமே திறந்து பார்க்கலாம். குறை: கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது, துப்புரவின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும், மறந்துபோய் ஒருவர் திறந்து வைத்தால் அதுவாக மூடாது, நாம்தான் அதற்கு ஒரு கட்டுப்பாடு போட வேண்டும். அதற்குக் கீழே: மார்ச் 20 அன்று திறந்து வைத்தவள் நான்.

அவர் இரண்டு முறை படித்தார். "இதை எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"அவளுக்குத் தெரியும் சார்."

பேனாவை மூடி வைத்தார். "அப்ப தப்பு யானையோடது இல்ல." "இல்ல." "பொறுப்பு அவங்களுக்குத்தான் போகும், தெரியுமில்ல?" தெரியும் என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் சற்று உட்கார்ந்தேன். அழுதேன். பதினோரு வருடம், சும்மாவா?

ஏப்ரல் 2, புதன்

அவள் மேஜையில் புதுப் பெயர்ப்பலகை. கோணலாக மாட்டியிருக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது நேராக்கினேன். இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கட்டுப்பாட்டை எழுதும் வேலையை அவள் என்னிடம்தான் கொடுத்தாள். யாராக இருந்தாலும் சரி, செஷனைத் திறந்து வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் யானையே துண்டித்துவிடும். இன்று காலையில் அமலுக்கு வந்தது.

மாலையில் முதல் நாள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். துண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். நான்தான், பதினொன்று நாற்பதுக்கு. அப்போது கீழே அவளோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கோப்பை.